கட்டைய கையில குடுத்துட்டு ஒதுங்கி நின்ன கேம்: சன்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட்

ஒரு மரக்கட்டைய செங்குத்தா தரையில நட்டு வெச்சேன். அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம சும்மா கோடாலிய எடுத்து அது உச்சந்தலையில ஒண்ணு போட்டேன், பென்சில் சீவின மாதிரி கூரா ஆயிடுச்சு. எந்த மெனுவும் தெறக்கல, புதுசா ஒண்ணு கத்துக்கிட்டீங்கன்னு ஓரத்துல பெட்டி கிட்டி எதுவும் எட்டிப் பாக்கல. உடனே பக்கத்துல இன்னொரு கட்ட, அதுக்கும் ஒரு போடு, அப்புறம் இன்னொண்ணு, இப்படியே போயி நிமிர்ந்து பாத்தா என்னைச் சுத்தி வேலி நிக்குது, வெளிய போக வாசல் விட மறந்துட்டேன். சரின்னு வேலியவே வெட்டிட்டு வெளிய வந்தேன். இந்த பத்து நிமிஷத்துலயே எனக்கு புரிஞ்சு போச்சு, இந்த ரெண்டாவது பாகம் முதல் பாகத்துக்கு பெயின்ட் அடிச்சு வித்தது இல்ல.

முன்கத தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கனடாவுல வான்கூவர்ல இருக்குற எண்ட்நைட் கேம்ஸ்னு ஒரு சின்ன டீம், 2014 மே மாசம் காட்டுல மாட்டிக்கிட்டு உசிர காப்பாத்திக்கிற த ஃபாரஸ்ட்னு ஒரு கேம, கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல ஏர்லி ஆக்சஸ்ல, அதாவது முழுசா முடியறதுக்கு முன்னாடியே விட்டாங்க, அத தேச்சு தேச்சு முழுசா வெளியிட 2018 ஏப்ரல் ஆயிடுச்சு. சன்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட் 2023 பிப்ரவரி 23ஆம் தேதி அதே மாதிரி ஏர்லி ஆக்சஸ்ல வந்துச்சு, மொத 24 மணி நேரத்துல 20 லட்சம் காப்பி போச்சுன்னு அவங்களே சொன்னாங்க. முழுசா முடிச்ச 1.0 பதிப்பு வந்தது 2024 பிப்ரவரி 22. நான் வந்த புதுசுல கொஞ்சம், 1.0க்கு அப்புறம் மறுபடியும் மொதல்லருந்து முழுசான்னு ரெண்டு தடவ விளையாடிட்டேன், முதல் பாகத்த எத்தன தடவ முடிச்சேன்னு கணக்கே இல்ல. அதனால இத எழுதுறவன் முதல் பாகத்து ரசிகன், அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல் பாகம் ஆரம்பிக்கிற விதம் இன்னும் கண்ணுல நிக்குது. ஃப்ளைட்ல உக்காந்திருக்கீங்க, பக்கத்துல உங்க பையன் டிம்மி, ஃப்ளைட் ரெண்டா பிளந்து காட்டுல விழுது, அரை மயக்கத்துல பாக்கும்போது உடம்பெல்லாம் செவப்பு பூசின ஒருத்தன் பையன தூக்கிட்டு போறான். எந்திரிச்சு பாத்தா ஏர்ஹோஸ்டஸ் உடம்புல ஒரு கோடாலி சொருகி நிக்குது, அத புடுங்கித்தான் ஆட்டத்தையே ஆரம்பிக்கணும். அதுக்கப்புறம் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, கண்ணக் கட்டி காட்டுல விட்டாங்கன்னு சொல்லுவாங்களே, அத அப்படியே கேமா எடுத்து வெச்ச மாதிரி இருக்கும்.

ரெண்டாவதுல நீங்க காணாம போன ஒரு பெரிய பணக்காரன், எட்வர்ட் பஃப்டன்னு பேரு, அவனையும் அவன் குடும்பத்தையும் தேடி ஒரு தீவுக்கு ஹெலிகாப்டர்ல போற கூலிப்படை ஆள். பேர் கூட கிடையாது. ஹெலிகாப்டர் விழும், கடற்கரையிலயோ காட்டுக்குள்ளயோ பனிமலையிலயோ முழிப்பீங்க, பக்கத்துல ஒரு பை கெடக்கும், அதுல கத்தி, கோடாலி, தார்ப்பாய், லைட்டர், ஜிபிஎஸ்னு எல்லாம் ரெடியா இருக்கும். ஏர்ஹோஸ்டஸ் உடம்புல இருந்து கோடாலி புடுங்கினதுக்கும் பைய பிரிச்சு கோடாலி எடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கே, அதுதான் ரெண்டு கேமுக்கும் உள்ள வித்தியாசம்னு கூட சொல்லலாம், ஆனா அத கடைசியில பேசுறேன், மொதல்ல நல்லத சொல்லிடறேன் ஏன்னா நல்லது நெறைய இருக்கு.

கட்டுறதுதான் பெரிய மாற்றம். முதல் பாகத்துல ஒரு புக்கு இருக்கும், அத தொறந்து குடிசை வேணுமா வேலி வேணுமான்னு பாத்து ஒரு படத்த செலக்ட் பண்ணி தரையில வெச்சா வெள்ளக் கோட்டுல ஒரு ஆவி மாதிரி அந்த வீடு தெரியும், அதுக்கப்புறம் தோள்ல ரெண்டு ரெண்டு கட்டையா தூக்கிட்டு வந்து அந்த ஆவிக்குள்ள கொட்டிக்கிட்டே இருக்கணும், இன்னும் இத்தன கட்ட பாக்கின்னு நம்பர் கொறஞ்சுக்கிட்டே வரும். அப்போ அது ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு, மர உச்சியில வீடு கட்டி உக்காந்து பாத்த சந்தோஷம் எல்லாம் மறக்க முடியாது. ஆனா யோசிச்சு பாத்தா நாம கட்டல, ஃபார்ம் நிரப்பிக்கிட்டு இருந்தோம். எந்த எடத்துல எந்த கட்ட போகணும்னு கேமே முடிவு பண்ணிடும், நாம சுமக்குற ஆள் மட்டும்தான்.

இங்க அந்த புக்கு இன்னும் இருக்கு, அவசரக்காரங்களுக்கு பழைய முறையும் இருக்கு, ஆனா புக்க மூடி வெச்சுட்டு கைல ஒரு கட்டைய எடுத்தீங்கன்னா அங்கதான் வெளையாட்டே. கட்டைய படுக்க வைக்கலாம், நிக்க வைக்கலாம். நிக்கிற ரெண்டு கட்டைக்கு மேல குறுக்க ஒண்ணு போட்டா உத்தரம். படுத்திருக்கிற கட்டைய நெடுக்க பொளந்தா பலக, பலகைய அடுக்கினா தளம். சுவர கட்டிட்டு அப்புறமா நடுவுல வெட்டினா ஜன்னல், கீழ வரைக்கும் வெட்டினா வாசல். எங்க வெட்டலாம்னு கோடாலிய கிட்ட கொண்டு போனா செவப்பா ஒரு புள்ளிக்கோடு மட்டும் காட்டும், மத்தபடி பாடம் நடத்தாது. தாங்குற தூண புடுங்கப் போனா வராது, முட்டுக் கொடுத்தாத்தான் புடுங்க விடும். ஒரு தடவ மாடிக்கு அடியில நடுத் தூண் எடஞ்சலா இருக்கேன்னு முட்டு வெச்சு எடுத்துட்டு பாத்தேன், அடியில பெரிய கூடம் மாதிரி எடம் கெடச்சுது, அன்னிக்கு ராத்திரி தூங்கப் போகும்போது கூட அடுத்த மாடி எப்படி போடலாம்னுதான் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. முதல் பாகத்துல இந்த அரிப்பு எனக்கு வந்ததே இல்ல.

சின்ன சின்ன விஷயத்துலயும் இதே புத்திதான். நெருப்பு போடணும்னா ஒரு குச்சிய எடுத்து ஒடிச்சு தரையில போடுவீங்க, லைட்டர்ல பத்த வைப்பீங்க, முடிஞ்சுது. தார்ப்பாய தரையில விரிச்சு ஒரு முனைய குச்சியால தூக்கி விட்டா கூடாரம், அதுலயே தூங்கலாம் சேவ் பண்ணலாம். எல்லா பொருளையும் பாய் விரிச்சு பரப்பி வெச்சு காட்டுற பழைய இன்வென்டரி ரெண்டு பாகத்துலயும் உண்டு, அது எனக்கு எப்பவும் புடிச்ச விஷயம், இங்க அதோட கூட டக்குனு பைய முன்னாடி இழுத்து அடிக்கடி தேவப்படுற பொருள மட்டும் எடுக்குற வசதியும் வந்திருக்கு. முதல் பாகத்துல நரமாமிசம் திங்கிற ஆளுங்க அடிக்க ஓடி வரும்போது பாய விரிச்சு உக்காந்து ஈட்டிய தேடினவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். அப்டேட்ல சோலார் பேனல், பல்பு, ஒயர், கல்லுச் சுவர்னு வேற சேத்தாங்க. காட்டுக்கு நடுவுல பல்பு எரிய வெச்சுட்டு ஒரு ஓரமா நின்னு அத பாத்துக்கிட்டே இருந்தேன், எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க.

அடுத்தது கெல்வின். இவனப் பத்தி தனியா ஒரு கட்டுரையே எழுதலாம். உங்க கூட ஹெலிகாப்டர்ல வந்தவன், விழுந்ததுல காது போச்சு, பேச்சும் இல்ல, ஆள் கொஞ்சம் பேதலிச்சுப் போய் உக்காந்திருப்பான். நீங்க ஒரு சின்ன நோட்டுல எழுதி காட்டணும், கட்டை கொண்டு வா, இங்க போடு, மீன் பிடி, இந்த எடத்த சுத்தம் பண்ணு, நெருப்பு போடு, என் பின்னாடி வா, போய் ஓய்வு எடுன்னு. காது கேக்காதவன்ங்கறதால எழுதிக் காட்டுறோம்ங்கற காரணமே எவ்வளவு அழகு பாருங்க, ஆர்டர் குடுக்க ஒரு மெனு வேணும், அந்த மெனுவ கதைக்குள்ளயே ஒரு நோட்டா மாத்திட்டாங்க.

முதல் பாகத்துல தனியா விளையாடினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாதி ஆயுசு கட்டை சுமக்குறதுலயே போகும். மரம் வெட்டு, ரெண்டு கட்டைய தோள்ல போடு, நட, கொட்டு, திரும்பி வா. பாரம் ஏத்த ஸ்லெட்ஜ் செஞ்சாலும் அது ஒரு மேடு கண்டா மொறண்டு புடிக்கும். இங்க கெல்வின் கிட்ட எழுதிக் குடுத்துட்டா அவன் பாட்டுக்கு வெட்டுவான் கொண்டு வருவான், நாம அடுக்குற வேலைய மட்டும் பாக்கலாம். சுமக்குற வேல அவனுக்கு, யோசிக்கிற வேல நமக்கு. கட்டுறத இவ்வளவு ஆழமா மாத்தினவங்க சுமக்குறத மட்டும் பழைய மாதிரியே விட்டிருந்தா பாதி பேர் ஓடியிருப்பாங்க.

ஆனா அவன் புத்திசாலின்னு நெனச்சுடாதீங்க. கேம் வந்த புதுசுல உக்காந்த கிளையவே வெட்டுற கதை இவனால தெனமும் நடந்துச்சு, மரத்து மேல வீடு கட்டி வெச்சுட்டு கட்டை கொண்டு வான்னு சொன்னா நேரா போய் அந்த மரத்தையே வெட்டி சாய்ச்சிடுவான், வீடு மொத்தமா கீழ. அப்புறம் திரும்பி வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்து என்னன்னு முகத்த பாப்பான். கோவமே வராது, சிரிப்புதான் வரும். அவன் செத்தா செத்ததுதான், அடிபட்டு விழுந்தா கை குடுத்து தூக்கி விடலாம், மறுபடி அடிபட்டா போச்சு. அந்த சமயத்துல சேவ் ஃபைல தொறந்து உள்ள எடிட் பண்ணி செத்துப்போன கெல்வின திரும்ப கொண்டு வர்ற வழிய ஆளுங்க கண்டுபுடிச்சு பரப்பினாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசாத ஒரு கேரக்டருக்காக ஜனங்க ஃபைல நோண்டுறாங்கன்னா அத விட பெரிய ரிவ்யூ என்ன வேணும்.

வர்ஜீனியாவும் இருக்கா, மூணு கை மூணு கால் உள்ள ஒரு பொண்ணு. முதல் பாகத்துல வர்ஜீனியான்னு ஒரு பயங்கரமான உருவம் வரும், நெறைய காலோட பாஞ்சு வர்ற ஜந்து, அந்த பேர கேட்டாலே ஓடுவோம், இங்க அதே பேர ஒரு பயந்த சுபாவம் உள்ள பொண்ணுக்கு வெச்சிருக்காங்க. ஆரம்பத்துல மரத்து மறைவுல இருந்து எட்டிப் பாப்பா, ஆயுதத்தோட பாத்தா ஓடிடுவா. கையில இருக்குறத கீழ போட்டுட்டு சும்மா நில்லுங்க, அடுத்த தடவ கொஞ்சம் கிட்ட வருவா, அதுக்கடுத்த தடவ இன்னும் கொஞ்சம். நாள் கணக்குல ஆகும். பழகிட்டா துப்பாக்கி குடுக்கலாம், ரெண்டு கையில ரெண்டு துப்பாக்கியோட சுடுவா பாருங்க, அந்த காட்சிக்கே குடுத்த காசு தகும். சர்வைவல் கேம்ல சும்மா நிக்கிறதையும் ஒரு திறமையா வெச்சது எனக்கு ரொம்ப புடிச்சுது.

நரமாமிசம் திங்கிற கூட்டத்த பத்தி சொல்லாம எப்படி. முதல் பாகத்தோட பெரிய சாதனையே இவங்கதான். மத்த கேம்ல எதிரி உங்கள பாத்தா ஓடி வந்து அடிப்பான், முதல் பாகத்துல பாத்தா நின்னு பாப்பான். தூரத்துல மரத்து பக்கத்துல ஒருத்தன் நிப்பான், நீங்களும் பாப்பீங்க, அவன் போயிடுவான், அடுத்த நாள் நாலு பேரா வருவாங்க. ஓடி வந்து மூஞ்சிக்கு முன்னாடி டக்குனு நின்னு கத்திட்டு திரும்பி ஓடுவாங்க, அடிக்க மாட்டாங்க, நம்மள எடை போடுறாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அந்த கேம்ல ராத்திரி ஒரு செடி ஆடினாலும் நெஞ்சு ஒரு துடிப்பு விட்டுத்தான் துடிக்கும்.

ரெண்டாவதுல இத இன்னும் வளத்திருக்காங்க. கூட்டங்களுக்குள்ள வித்தியாசம் தெரியுது, முகமூடி போட்டவங்க, பெரிய தடியங்க, மரத்துக்கு மரம் தாவுற பொம்பளைங்கன்னு. சிலர் நம்மள பாத்து பயந்து ஓடுறாங்க. கூட்டாளி செத்தா பக்கத்துல மண்டி போட்டு அழுறாங்க, அப்ப வில்ல இழுத்துக்கிட்டு நின்னவனுக்கு கை நடுங்கும், உண்மையா சொல்றேன், ஒரு தடவ அம்ப விடாம திரும்பி வந்துட்டேன், அதே ஆள் மறுநாள் வந்து என் சுவர ஒடச்சான், அது வேற விஷயம். குகைக்குள்ள இருந்து வர்ற ஜந்துக்களுக்கும் இவங்களுக்கும் ஆகாது, ரெண்டும் எதிர்ல வந்தா அவங்களுக்குள்ளயே அடிச்சுப்பாங்க, நாம புதருக்குள்ள உக்காந்து வேடிக்கை பாக்கலாம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், பயம் கொறஞ்சு போச்சு. காரணம் எதிரி இல்ல, நம்ம கையில இருக்குறது. முதல் பாகத்துல பழைய காலத்து ஃபிளிண்ட்லாக் துப்பாக்கி ஒண்ணு உண்டு, அத சேக்க எட்டு துண்ட எட்டு எடத்துல தேடி பொறுக்கணும், எல்லாம் சேந்தா ஒரு குண்டு சுட்டுட்டு மறுபடி நிரப்பிக்கிட்டு நிக்கணும். இங்க கடல்ல மெதக்குற ரப்பர் படகுல பிஸ்டல் கெடைக்குது, சுறா மட்டும் கடிக்காம பாத்துக்கிட்டா மொத நாளே கையில துப்பாக்கி. அப்புறம் ஷாட்கன், ரிவால்வர், ரைஃபிள், துப்பாக்கியில மாட்டுற லேசர், சைலன்சர் எல்லாம். கூடவே கெல்வின் ஒருத்தன், வர்ஜீனியா ஒருத்தி. தனியா இருக்கோம்ங்கற உணர்வுதான் முதல் பாகத்தோட பயத்துக்கு வேர், அத இவங்களே வெட்டிட்டாங்க, கெல்வின் வேணும்னா பயம் கொஞ்சம் போகத்தான் செய்யும், ரெண்டும் சேந்து கெடைக்காது. நான் கெல்வின் பக்கம்தான், ஆனா முதல் பாகத்து ரசிகர்கள் சில பேர் முகத்த சுளிக்கிறாங்கன்னா அவங்க சொல்றதும் நியாயம்தான்.

சீசன் மாறுறது புதுசு. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்னு நாலும் சுத்தி வருது, எதுல ஆரம்பிக்கணும்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். குளிர்காலத்துல ஓடை, ஏரி எல்லாம் உறைஞ்சு போயிடும், மீன் இல்ல, பழச்செடி எல்லாம் மொட்டையா நிக்கும், அதுக்கு முன்னாடியே கறிய காய வெச்சு சேத்து வெச்சிருந்தா பொழச்சீங்க. உறைஞ்ச ஏரி மேல நடந்து போயி அந்தப் பக்கம் எட்டிப் பாக்குறது ஒரு தனி அனுபவம், கோடையில சுத்திக்கிட்டு போன எடத்துக்கு குறுக்க பாதை கெடைக்கும், அதே பாதையில அவங்களும் வருவாங்கன்னு எனக்கு அப்ப தோணல.

ஆனா குளிர்காலத்த தவிர மத்த நாள்ல பசி தாகம் எல்லாம் ரொம்ப லேசு. முதல் பாகத்துல குட்டைத் தண்ணிய அப்படியே குடிச்சா உடம்புக்கு ஆகாது, பானைய தேடி கொதிக்க வெக்கணும், இல்லனா ஆமை ஓட்ட கவுத்து வெச்சு மழைத்தண்ணி புடிக்கணும், மான் தோல்ல தண்ணிப் பை தைக்கணும். இங்க ஓடையில குனிஞ்சு குடிச்சுட்டு போயிக்கிட்டே இருக்கலாம். கட்டுறதுல அவ்வளவு ஆழமா போனவங்க பொழைக்குறதுல இவ்வளவு மேலோட்டமா விட்டது ஏன்னு எனக்கு இன்னும் புரியல. கஷ்டம் வேணும்னா ஹார்ட் மோடும் கஸ்டம் செட்டிங்கும் இருக்கு, மொத தடவைக்கே அத போட்டுக்கோங்கன்னுதான் சொல்லுவேன், நார்மல்ல விளையாடினா பாதியிலயே சுத்துலாவுக்கு வந்த மாதிரி ஆயிடும்.

சுத்துலான்னதும் ஜிபிஎஸ் ஞாபகம் வருது. தீவு ரொம்பப் பெருசு, முதல் பாகத்து தீபகற்பத்த விட கிட்டத்தட்ட நாலு மடங்கு, அதனால ஜிபிஎஸ் வேணும்தான். ஆனா முதல் பாகத்துல வரைபடமே குகைக்குள்ளதான் கெடைக்கும், அதுவும் நாம போன எடம் மட்டும்தான் அதுல வரையப்படும், அது வரைக்கும் அந்த வளைஞ்ச மரம், ஒடஞ்ச படகுன்னு அடையாளம் வெச்சுக்கிட்டுத்தான் சுத்துவோம். இங்க பச்ச வட்டம் எங்க தெரியுதோ அங்க போ, அவ்வளவுதான். கண்ணு காட்டுல இல்லாம கையில இருக்குற திரையிலயே ஒட்டிக்கிடுது. இப்ப நான் ஜிபிஎஸ்ஸ பைக்குள்ளயே போட்டு வெச்சுட்டு நடக்குறேன், தேவைப்பட்டா மட்டும் எடுப்பேன், அப்பத்தான் தெரிஞ்சுது அந்த காடு எவ்வளவு அழகா செஞ்சிருக்காங்கன்னு. இலையுதிர்காலத்து சாயங்கால வெயில் மரத்து நடுவுல இறங்குறத பாத்தா ரெண்டு கேமுக்கும் நடுவுல இருக்குற வருஷம் தெரியும். ஹேங் கிளைடர், ஒத்தச் சக்கரத்துல ஓடுற எலெக்ட்ரிக் வண்டி எல்லாம் அப்டேட்ல வந்துச்சு, மலை உச்சியில இருந்து கிளைடர்ல குதிச்சு வீட்டு முன்னாடி வந்து எறங்குறது ஒரு சுகம். எறங்க தெரிஞ்சா.

குகைங்க விஷயத்துல எனக்கு ரெண்டு மனசு. முதல் பாகத்துல குகைதான் கேமோட வயிறு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயி எங்க வெளிய வருவோம்னே தெரியாது, லைட்டர் வெளிச்சத்துல மூணடி தூரம்தான் தெரியும், அதுவும் நாலு தடவ தட்டினாத்தான் பத்தும். ரெண்டாவதுல குகை கொஞ்சமா, ஆனா நல்லா செதுக்கியிருக்காங்க, மீதி எடத்த பணக்காரங்களுக்கு பூமிக்கடியில கட்டின சொகுசு பங்கர் நெரப்புது. அதுக்குள்ள போறதுக்கு ஒரு வரிசை இருக்கு, மொதல்ல தண்ணிக்கடியில மூச்சு விட ரீப்ரீதர், அப்புறம் கயிறு கட்டி தாண்ட ரோப் கன், இது ரெண்டும் இருந்தாத்தான் மண்வெட்டி இருக்குற குகைக்குள்ள போக முடியும், மண்வெட்டி இருந்தாத்தான் மண்ணுக்குள்ள மூடிக் கெடக்குற பங்கர் கதவ தோண்ட முடியும். பூட்டுக்குள்ள பூட்டு மாதிரி நல்லாத்தான் கோத்திருக்காங்க. உள்ள த்ரீடி பிரின்டர் இருக்கும், ரெசின்னு ஒரு பிசின் ஊத்தினா அம்பு, தண்ணிக் குடுவை, பனிச்சறுக்கு பலகைன்னு அச்சடிச்சு குடுக்கும். காட்டுல கல்லால குச்சிய கூர் பண்ணிக்கிட்டு இருந்தவன் திடீர்னு பிரின்டர் முன்னாடி நின்னு அம்பு வர்றதுக்கு காத்துக்கிட்டு இருக்கான், அந்த கிறுக்குத்தனம் எனக்கு புடிச்சுது.

இப்ப கத. இங்கதான் முதல் பாகம் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கும். குகைக்குள்ள போக எனக்கு இஷ்டமே இல்லாத நேரத்துலயும் நான் போனேன், ஏன்னா பையன் அங்க இருக்கான். போற வழியில டிம்மி கிறுக்கின படம் கெடைக்கும், அவன் பொம்ம ரோபோட்டோட கை ஒரு எடத்துல, கால் ஒரு எடத்துல, தலை ஒரு எடத்துல கெடைக்கும், அத ஒவ்வொண்ணா பொறுக்கி சேக்கும்போது ஒரு அப்பனா அந்த இருட்டுக்குள்ள நடப்பீங்க. முடிவப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன், விளையாடாதவங்க போய் விளையாடுங்க, அந்த முடிவுல கேம் நம்ம கிட்ட கேக்குற கேள்வி பல நாளைக்கு விடாது.

ரெண்டாவதுல நான் யாருன்னே எனக்கு தெரியாது, தேடுறவன் யாரோ ஒரு பணக்காரன், அவன் கெடச்சா எனக்கென்ன கெடைக்கலன்னா எனக்கென்ன. பங்கர்ல மேசை மேல ஈமெயில் பிரின்ட் எடுத்து வெச்சிருப்பாங்க, அத படிச்சு கதைய நாமளே ஒட்டிக்கணும். ஏர்லி ஆக்சஸ்ல கத ரொம்ப ஓட்டையா இருந்துச்சு, 1.0ல கட்சீன், அதாவது கதை சொல்ற சினிமா மாதிரி காட்சி எல்லாம் சேத்து ஒட்டு போட்டாங்க, இப்ப பரவாயில்ல, முதல் பாகத்தோட ஒரு முக்கியமான ஆள் வளந்து பெரியவனா வர்ற எடம் பழைய ரசிகனுக்கு கைத்தட்டல் எடம்தான். ஆனா அந்த கைத்தட்டலும் பழைய கதையோட வட்டிதான், புதுசா சம்பாதிச்சது இல்ல. கடைசி கட்டத்துக்கு தங்கக் கவசம் போட்டாத்தான் கதவு தொறக்கும்னு எல்லாம் வருது, பாக்க கம்பீரமா இருக்கு, மனசுல ஒட்டல.

நண்பர்களோட விளையாடுனா இந்த குறை எதுவும் கண்ணுல படாது. எட்டு பேர் வரைக்கும் சேரலாம். நாங்க நாலு பேர் சேந்து ஆரம்பிச்சோம், ஒருத்தன் வீடு கட்டுறதுல எறங்கினா நிமிரவே மாட்டான், ஒருத்தன் மீன் குத்துறதுலயே காலம் தள்ளுவான், ஒருத்தன் எப்ப பாத்தாலும் தனியா எங்கயாவது போயி மைக்ல "டேய் இங்க ஒண்ணு இருக்குடா, பெருசா இருக்குடா, கை நெறைய இருக்குடா"ன்னு கத்திட்டு செத்துப் போவான். வீடு கட்டுறவன் "எருமை, வரும்போது ரெண்டு கட்டைய எடுத்துட்டு வாடா"ம்பான். முதல் பாகத்துல இதே கூட்டணி போட்டப்ப எல்லாருமே கட்ட சுமப்போம், இங்க ஆளுக்கு ஒரு வேல, ஒரு சுவர் பாத்தா இது எவன் கட்டினதுன்னு சொல்லிடலாம். என் சுவர்ல ஜன்னல் கோணலா இருக்கும், அதனால நான் எங்க கட்டினேன்னு எல்லாருக்கும் தெரியும். மல்டிபிளேயர்ல கெல்வின யாரு வேல வாங்குறதுன்னு ஒரு சண்ட வரும் பாருங்க, ஒருத்தன் மீன் பிடிக்க அனுப்புவான், அவன் பாதி வழியில போகும்போதே இன்னொருத்தன் நோட்ட நீட்டி கட்டை வெட்டச் சொல்லுவான், பாவம் அவன் நாலு பேர் முகத்தையும் மாறி மாறி பாப்பான்.

பொறி வெக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பாகத்துல ஹேப்பி பர்த்டேன்னு ஒரு பொறி உண்டு, பேரப் பாத்து ஏமாந்துடாதீங்க, வர்றவனுக்கு அது கடைசி பொறந்தநாள். பொறிகள்ல முதல் பாகத்து சரக்கு எனக்கு இன்னும் ஒரு படி மேலதான். ரெண்டாவதுல புதுசா எலும்பாக்குற பொறி ஒண்ணு இருக்கு, விழுந்த பொணத்த எலும்பா மாத்திக் குடுத்துடும், அத வெச்சு கவசம் கட்டலாம், வீட்டு முன்னாடி பொணக்குவியல் சேந்து போகாம இருக்க இது ரொம்ப உபயோகம். கேக்க குமட்டலா இருக்கும், விளையாடும்போது குப்பைத்தொட்டி மாதிரி பழகிடும், அதுவே கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

டெக்னிக்கல் விஷயம் சட்டுனு சொல்லிடறேன். ரெண்டும் செஞ்சது யூனிட்டிங்கற கேம் எஞ்சின்லதான், ஆனா முதல் பாகம் பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும், ரெண்டாவது கொஞ்சம் கனம், குறைஞ்சபட்சம் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு கேக்குது, புல்லு நிழல் ரெண்டையும் எறக்கி வெச்சா சமாளிக்கலாம். வேகமா படிக்கிற எஸ்எஸ்டி டிரைவ்ல போடுங்க. ராத்திரி ரொம்ப இருட்டா இருக்குன்னு பிரைட்னஸ ஏத்தாதீங்க, ஹெட்ஃபோன் மாட்டுங்க, எந்தப் பக்கம் கத்துறாங்கன்னு காது சொல்லிடும்.

எத மொதல்ல வாங்குறதுன்னு கேட்டா முதல் பாகத்ததான் சொல்லுவேன், சரித்திரம் தெரியணும்ங்கறதுக்காக இல்ல, ரெண்டாவதுல கட்டை வெட்டிப் பழகின கை திரும்பிப் போயி அந்த வெள்ள ஆவிக்குள்ள கட்டை கொட்டாது. நான் முயற்சி பண்ணேன், போன மாசம் டிம்மிய தேடலாம்னு மறுபடி உள்ள போயி, ஒரு சுவர் கட்டிட்டு ஜன்னல் வெட்டலாம்னு கோடாலிய ஓங்கி போட்டேன், சுவர்தான் ஒடஞ்சுது. அப்புறம் கொஞ்ச நேரம் சுத்தி சுத்தி பாத்தேன், கட்டை கொண்டு வர யாரும் இல்ல, மரத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒருத்தன் அசையாம நின்னுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். ராத்திரி ஆறதுக்குள்ள சேவ் பண்ணிட்டு வெளிய வந்து, ரெண்டாவத போட்டேன். கெல்வின் ஏரிக்கரையில மீனோட நின்னுக்கிட்டு இருந்தான்.